சாமிக்கு வைத்த ஆண் பூக்கள்

லண்டன் விமான நிலையத்தில் என் கருவாடு போயிற்று, காட்டு ஜாதிக்காய் பிழைத்தது. இரண்டையும் ஒரே பையில் வைத்தது என் புத்திசாலித்தனம். சுங்க அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு நல்ல மனிதர். முதலில் எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஈரப் பாசி, பாசிக்குள் குச்சிகள், குச்சிகளில் மிளகு அளவில் மொட்டுகள். "இது சாப்பாடா?" என்று கேட்டார். இல்லை, மாப்பிள்ளை என்று சொல்ல நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு, இரண்டு நாட்டு முத்திரையும் குத்திய அனுமதிக் காகிதத்தை நீட்டினேன். தலையாட்டிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். கருவாட்டுக்கு என்னிடம் எந்த முத்திரையும் இல்லை. அதை முகர்ந்ததும் அவருடைய ஜலதோஷம் போய்விட்டது போலிருந்தது.

மாப்பிள்ளை என்று நான் நினைத்தது சும்மா இல்லை. போர்ட் பிளேயரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தமான் தீவுகளில் உலகத்தில் வேறெங்கும் முளைக்காத மரங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று இந்தக் காட்டு ஜாதிக்காய். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. வெட்டி, எரித்து, ரோடு போட்டு, கடைசியில் ஓர் ஓடைக்கரையில் இரண்டே மரங்கள் மிஞ்சின. இரண்டும் ஆண். எங்களுக்குத் தெரிந்த கடைசிப் பெண் மரத்தைப் புயல் சாய்த்தது. விழுந்து கிடந்த அதன் கிளைகளில் நானும் மாணவர்களும் ஒரு காயாவது கிடைக்குமா என்று தேடினோம். ஒன்றும் இல்லை.

மிச்சமிருந்த ஒரே பெண் லண்டனில் இருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் கன்றாகக் கப்பலேறிப் போய், ஒரு பெரிய தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்து, வருடா வருடம் பூத்து, காய்க்காமலே உதிர்த்துக்கொண்டிருந்தாள். பதியன் போட்டுப் பார்த்தார்கள், வேர்விடவில்லை. நாங்கள் தபாலில் மகரந்தம் அனுப்பினோம், பூஞ்சணம் பிடித்துப் போய்ச் சேர்ந்தது. இதற்கிடையில் மரத்தின் அடித்தண்டு அழுக ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடம் பூக்குமா என்பதே சந்தேகம் என்று அங்கிருந்து தகவல் வந்தபோது, இனி தபாலை நம்பிப் பயனில்லை, நானே போகிறேன் என்று கிளம்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம், மார்ச் மாதம். கைப்பையில் உலர்த்திய மகரந்தம் ஒரு சின்னக் குப்பியில். அது கைவிட்டால் என்ன செய்வது என்று மொட்டுக் குச்சிகள் டிபன் டப்பாவில்.

வெளியே என் சிநேகிதி யோகம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். முழுப்பெயர் யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருடம் என்னோடு சண்டை போட்டவள். பிறகு ஊரில் கலவரம் வந்து, கணவர் சிவத்தோடு லண்டனுக்கு வந்துவிட்டாள். "என்னடி, கிழவியாகிப் போனாய்!" என்பதுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகு நேரில் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. விருந்தாளி என்பதால் நான் சொல்லவில்லை.

சிவம் அண்ணனின் கார் வழியில் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். கார் கிளம்பியது. "இதுக்குப் பார்த்தாலே காணும் தங்கச்சி, தொடத் தேவையில்லை" என்றார். எங்கள் ஊர் அரசாங்க ஜீப்பும் இதே ஜாதி என்பதால் எனக்கு வீட்டுக்கு வந்தது போலவே இருந்தது.

ஃபாரஸ்ட் கேட்டில் அவர்கள் வீடு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒன்று. ஒல்லியாக, உயரமாக, மாடிப்படியே பாதி வீட்டைத் தின்றுவிட்டு நின்றது. புட்டும், மஞ்சள் நிறத்தில் தண்ணீராகச் சொதியும், கத்தரிக்காய்ப் பொரியலும் காத்திருந்தன. கருவாட்டின் கதையைச் சொன்னபோது யோகம் நிஜமாகவே கண்கலங்கினாள். டிபன் டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இதைப் பத்திரமா வை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் விளக்கத் தெம்பில்லை. பகலா இரவா என்று தெரியாமல் மெத்தையில் விழுந்தேன்.

தூக்கத்துக்குள் எங்கள் ஓடைக்கரை வந்தது. மகிழம்பூவும் கிராம்பும் கலந்த அந்தப் பூவின் வாசனை அவ்வளவு தெளிவாக வந்தது. லண்டனில் முதல் நாளே ஊர் ஏக்கமா என்று புரண்டு படுத்தேன்.

சனியும் ஞாயிறும் தோட்டத்தின் அந்தப் பகுதியில் ஆள் கிடையாது. அதனால் சும்மா திரிந்தோம். அப்டன் பார்க் கிரீன் ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய், பச்சை மொச்சை, வல்லாரை எல்லாம் கிடைத்தன. போர்ட் பிளேயரில் மாதக்கணக்கில் பார்க்காத சின்ன வெங்காயம் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எங்களுக்குக் கப்பல் வந்தால்தான் காய்கறி. இவர்களுக்குத் தினமும் விமானத்தில் வருகிறது. தீவில் இருப்பது யார் என்று யோகத்திடம் கேட்டேன். "இதுவும் தீவுதானடி, குளிருற தீவு" என்றாள். ஒவ்வொரு முறை குளிர்பெட்டியைத் திறந்தபோதும் என் டிபன் டப்பா நடுத்தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தேன்.

திங்கட்கிழமை வரைபடத்தில் பச்சைக் கோடாகத் தெரியும் சுரங்க ரயிலில் ஏறினேன். யோகம் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அந்தப் பாதை நடுவழியில் மூன்றாகப் பிரியும், முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. நான் விம்பிள்டனில் போய் இறங்கினேன். அங்கிருந்த ரயில்வே ஊழியர் தாடி வைத்த கறுப்பினப் பெரியவர். "அம்மா, டென்னிஸ் ஜூனில்தான். சீக்கிரம் வந்துவிட்டீர்கள்" என்று சொல்லி, எதிர்ப்பக்கம் கையோடு கூட்டிப்போய் ஏற்றிவிட்டார். நம் ஊரில் வழி கேட்டால் நான்கு பேர் நான்கு திசை காட்டுவார்கள். இங்கே ஒருவர்தான் காட்டுகிறார், ஆனால் சரியாகக் காட்டுகிறார். எனக்கு நம் ஊர் முறைதான் பிடிக்கும், பேச்சுத்துணையாவது கிடைக்கும்.

தோட்டத்தில் கண்ணாடி வீட்டைப் பார்ப்பவர் கென். ஓய்வு பெற இரண்டு கோடைதான் பாக்கி என்று அறிமுகத்திலேயே சொல்லிவிட்டார். கதவைத் திறந்ததும் என் கண்ணாடி மங்கிப்போனது. துடைத்துப் போட்டேன், மறுபடி மங்கியது. அந்தக் காற்று எங்கள் காற்று. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் அவள் நின்றாள். ஓடைக்கரையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம், இங்கே கூரைக்கு அடங்கக் கிளை வெட்டிவிட்டு, தொட்டிக்குள், கறுத்துப்போன அடித்தண்டோடு. ஆனால் கிளை நுனிகளில் பூத்திருந்தது. தடித்த எலுமிச்சை நிற இதழ்களோடு குட்டிக் குட்டிக் குடங்கள். "உன் ஊர்க்காரி வந்திருக்கேன்" என்று தமிழில் சொன்னேன். கென் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

முதலில் மகரந்தத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டில் தூவி வைத்தால், உயிருள்ள துகள் சில மணி நேரத்தில் மெல்லிய குழாய் ஒன்றை நீட்டும். தூவினோம். தேநீர் குடித்தோம். பார்த்தோம். ஒன்றும் நீட்டவில்லை. கென்னின் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைத் தின்றோம், அதிலும் ருசி என்று ஒன்று நீட்டவில்லை. சாயங்காலம் மறுபடி பார்த்தபோது துகள்கள் எல்லாம் சுருங்கிப்போய்க் கிடந்தன. எங்கள் கடல் ஈரம் குப்பிக்குள்ளேயே வந்து கொன்றிருக்கிறது. கென் தொப்பியைக் கழற்றினார். "கவலைப்படாதீர்கள். குளிர்பெட்டியில் மொட்டுகள் இருக்கின்றன, நாளை கொண்டுவருகிறேன்" என்றேன். இந்தப் பூக்கள் இன்னும் மூன்று நான்கு நாள்தான் தாங்கும் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளிர்பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். உள்ளே தேங்காய்ச் சம்பல் இருந்தது.

"யோகம், இதுல இருந்தது எங்கே?"

"அந்தப் பூவே? வெள்ளிக்கிழமையே சாமிக்கு வைச்சிட்டனடி. என்ன வாசம்! வீடெல்லாம் மணத்தது. நீ படுத்திருந்தாய், எழுப்பேல்லை. டப்பா நல்ல இறுக்கமான மூடி, வீணாக்குவான் ஏன் எண்டு..."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கத்தைப் பூவில் வாசமே இல்லை, பிளாஸ்டிக்கைச் சாமிக்கு வைப்பதுபோல் இருக்கிறது என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் புலம்பியவள் அவள். அவளுக்காகத்தான் கடல் கடந்து பூ கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வேறு. மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, பித்தளைத் தட்டில் பரப்பி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். பாசியையும் விடவில்லை. ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டி அதைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது.

கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். ஒரு மரத்தின் வம்சத்தையே முடித்துவிட்டாய் என்றும் சொன்னேன். ஹாஸ்டலில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

முதலில் மூக்கைச் சிந்தியது நான். "குப்பைத்தொட்டியைக் காட்டு, கிளறியாவது பார்க்கிறேன்."

யோகம் திடுக்கிட்டாள். "குப்பையிலயோ? விசரே உனக்கு? சாமிக்கு வைச்ச பூவை ஆரும் குப்பையில போடுவினமே?"

வாடிய சாமிப் பூக்களை அவள் ஒரு நீல நிற பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பாளாம். டின் நிறைந்ததும் சிவம் அண்ணன் அதைத் தேம்ஸ் நதியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுவரை டின் இருப்பது மாடியில், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில். துவைத்த துணியை உலர்த்த இந்த ஊர் வீடுகளில் அப்படி ஒரு சூடான அலமாரி உண்டு. இருவரும் மாடிக்கு ஓடினோம். அலமாரியில் துண்டுகள் இருந்தன, காலுறைகள் இருந்தன, டின் இல்லை.

"ஐயோ! மாதக்கணக்கா நான் கத்திறன், கேக்காத மனிசன், இண்டைக்கெண்டு பார்த்துக் கொண்டு போயிட்டுதே!"

சிவம் அண்ணன் வேலை செய்யும் பெட்ரோல் ஸ்டேஷன் ரோம்ஃபர்ட் ரோட்டில். மழை. பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் நிற்கவில்லை. ஒரு குடைக்குள் இரண்டு பேராகச் சேறு தெறிக்க நடந்தோம். புடவைக்கு மேலே ஓவர்கோட்டு, கோட்டுக்குக் கீழே நனைந்த கொசுவம். வழியெல்லாம் யோகம் முருகனோடு பேரம் பேசிக்கொண்டு வந்தாள். அவரிடம்கூட அவள் குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் இருந்தது.

கண்ணாடிக் கூண்டுக்குள் கல்லாவில் இருந்த சிவம் அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, டின்னை ஆத்தில போட்டிட்டீங்களோ?" என்று யோகம் கேட்ட வேகத்தில், பெட்ரோலுக்குக் காசு கொடுக்க நின்ற வெள்ளைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணன் முகத்தில் பிடிபட்ட களை. "ஓம்... போடத்தான் கொண்டுவந்தனான்."

"போட்டதோ, இல்லையோ?"

"உண்மையைச் சொல்லுறன், ஏசாதை. போன முறை அங்கை ஒருத்தன், ஆத்தில குப்பை போடுறாய், பொலிசுக்குச் சொல்லுவன் எண்டு வெருட்டினவன். அதுக்குப் பிறகு எனக்குப் போக மனமில்லை. இண்டைக்கும் ஷிப்ட் முடியட்டும், மழை விடட்டும் எண்டு..."

காலடியிலிருந்து டின்னை எடுத்து மேசையில் வைத்தார். அதுவரை அது மின்சார ஹீட்டரின் பக்கத்தில் இருந்திருக்கிறது. மனிதனின் சோம்பேறித்தனத்தை நான் வாழ்க்கையில் முதன்முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூடியைத் திறந்தேன். மேல் அடுக்கிலேயே, செய்தித்தாள் துண்டு ஒன்றில், என் பூக்கள். பழுப்பாகிக் காகிதம்போல் மொறமொறத்திருந்தன. ஆனால் அவை மொட்டாக இல்லை. சாமி விளக்குக்குப் பக்கத்தில் மலர்ந்து, அலமாரிச் சூட்டிலும் ஹீட்டர் சூட்டிலும் ஈரமே படாமல் உலர்ந்து, ஒவ்வொன்றும் தன் மகரந்தப் பையை நன்றாக விரித்திருந்தது. செய்தித்தாளின் மடிப்பில் மஞ்சளாய் ஒரு சிட்டிகைத் தூள். கூடவே கொஞ்சம் விபூதி. என் ஈரப் பாசிக்குள் இருந்திருந்தால் இந்நேரம் அழுகியிருக்கும். யோகத்திடம் அதை அப்போதே சொல்லவில்லை. உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே.

மறுநாள் யோகமும் கூடவே வந்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைச் சொட்டில் தூவினோம். தேநீர் நேரத்துக்குள் நுண்நோக்கியில் கண் வைத்த கென், தலையை எடுக்காமலே "இங்கே வாருங்கள்" என்று கையை மட்டும் அசைத்தார். குழாய்கள். ஒன்று, இன்னொன்று, அதோ ஒரு கூட்டமாக, முளைவிட்ட பயறுபோல வளைந்து வளைந்து நீண்டிருந்தன.

"இந்த வெள்ளைத் துகள் என்ன? இது முளைக்கவே இல்லையே" என்றார் கென்.

"அது சாமி சாம்பல். அது முளைக்காது, காவல் காக்கும்" என்று யோகம் இங்கிலீஷில் விளக்கினாள். எப்படி உலர்த்தினீர்கள் என்று கென் என்னைக் கேட்டார். முருகன், வெந்நீர் அலமாரி, பெட்ரோல் ஸ்டேஷன் என்று வரிசையாகச் சொன்னேன். தன் வேலைக்காலத்தில் இப்படி ஒரு முறையைக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

மெல்லிய தூரிகையால் நான் ஒவ்வொரு பூவாகத் தொட்டேன். தொட்ட பூவின் காம்பில் அடையாளமாக வெள்ளை நூல். ஒரு பூவை மட்டும் யோகத்திடம் கொடுத்தேன். தூரிகையை வாங்கி அவளே தொட்டாள். அதற்கு வெள்ளை நூல் வேண்டாம் என்று தன் கைப்பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கட்டினாள்.

பிறகு காத்திருப்பு. காய் பிடிக்காத பூ ஒரு வாரத்தில் காம்போடு உதிர்ந்துவிடும். காலையில் எழுந்ததும் கென்னுக்குப் போன் செய்வது எங்கள் விரதமாகிவிட்டது. இன்று இரண்டு விழுந்தது என்பார். இன்று நான்கு என்பார். மனதைத் திருப்ப யோகம் என்னைப் பஞ்சாபிக் கடைகள் நிறைந்த சவுத்தாலுக்குக் கூட்டிப்போனாள். சுடச்சுட ஜிலேபி தின்றோம், இரண்டாவது தட்டும் வாங்கினோம். நல்ல செய்தி இல்லாத நாளில் எனக்குப் பசி கூடிவிடும்.

நான் கிளம்பும் நாளும் வந்தது. நேற்றோடு பெரும்பாலும் எல்லாம் உதிர்ந்துவிட்டது, வந்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கென் சொல்லியிருந்தார். விடைபெறாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சிவம் அண்ணனின் காரில், மூன்று முறை பானெட்டைப் பார்த்துப் பார்த்து, மூவருமாகப் போய்ச் சேர்ந்தோம். மரத்தடியில் வெள்ளை நூல்கள் சிதறிக் கிடந்தன. நான் ஏணியில் ஏறினேன். கிளை கிளையாக விலக்கினேன். ஓர் இலைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

இதழ்கள் உதிர்ந்திருந்தன. காம்பு உதிரவில்லை. நுனியில் சுண்டைக்காய்க்கும் சின்னதாக, பச்சையாக, கெட்டியாக ஒரு மணி. இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஏணிமேலேயே அழுதேன். கீழேயிருந்து மூன்று முகங்கள் என்னவென்று கேட்டன. ஒரு விரலைக் காட்டினேன்.

"எந்த நூல்?" என்றாள் யோகம்.

"சிவப்பு."

அதற்குப் பிறகு விமான நிலையம் வரை அவள் வாய் மூடவில்லை. கிளம்பும் முன்னால், டின்னில் மிச்சமிருந்த சாமிப் பூக்களை மரத்தடியில் போடலாமா என்று கென்னிடம் கேட்டாள். அவரே மண்ணைக் கிளறிக் கொடுத்தார். உலர்ந்த ஆண் பூக்கள் மரத்தின் வேரடியில் விழுந்தன. இனித் தேம்ஸ் பக்கமே போகத் தேவையில்லை என்று மிகவும் சந்தோஷப்பட்டவர் சிவம் அண்ணன்.

அந்தக் காய் பழுத்து வெடிக்க அந்த வருடம் முழுக்கப் பிடித்தது. உள்ளே சிவப்பு ஜாதிபத்திரி போர்த்திய ஒரே ஒரு விதை. அதே டிபன் டப்பாவில், ஈரப் பாசியில், ஓர் ஆய்வாளர் கையில் போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தது. தாய் மரம் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்று கென் தெரிவித்தார். அந்தச் செய்தி வந்த வாரத்தில், எங்கள் கல்லூரித் தோட்டத்து நிழலில் விதை மண்ணைப் பிளந்து தலையை நீட்டியது. அஞ்சலகத்துக்கு ஓடிப்போய் லண்டனுக்குப் போன் போட்டேன். கன்று முளைத்துவிட்டது என்று கத்தினேன்.

மறுமுனையில் யோகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆணோ, பெண்ணோ?"

"பூத்தாத்தான் தெரியும். ஏழெட்டு வருஷமாவது ஆகும்."

ஓடைக்கரையில் மிஞ்சியிருப்பவை இரண்டும் ஆண் என்பது அவளுக்குத் தெரியும். இதுவும் ஆணாகிவிட்டால் என்னவாகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவளும் நினைத்திருப்பாள்.

"பெண்தான்" என்றாள் பிறகு. "வெள்ளிக்கிழமை வந்த பிள்ளை. நீ போய்த் தண்ணியை ஊத்து."

ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.